மொட்டை மாடித் தொட்டியில் ராஸ்பெரி பை: கார்டு ஏன் கெடுகிறது, அளவு ஏன் தவறுகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மெட்ரோ வாட்டர் சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) வந்து விழ, அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றும் வீடு அவருடையது. தொட்டியின் நீர்மட்டத்தைக் கைபேசியில் பார்க்க, ராஸ்பெரி பை 3 என்ற கையளவுக் கணினிப் பலகை ஒன்றையும், ஒலியலை அனுப்பி அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 (HC-SR04) சென்சாரையும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மொட்டை மாடியில் பொருத்தியிருக்கிறார். மின்வெட்டுக்குப் பின் மெமரி கார்டு இருமுறை கெட்டுவிட்டது. அளவும் தாறுமாறாக வருகிறது. மோட்டாரையும் இதனுடன் இணைக்கலாமா, அலுவலகத்திலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து இணையம் வழியே உள்ளே வரும் வாசல்) திறந்துவிடலாமா என்றும் கேட்கிறார்.

கார்டைக் குறை சொல்ல வேண்டாம்; வேறு கார்டு வாங்கினாலும் இதுவே நடக்கும். ராஸ்பெரி பை லினக்ஸ் இயங்கும் முழுக் கணினி என்பதால், நாம் எதுவும் செய்யாதபோதும் அது கார்டில் பதிவுகளை எழுதிக்கொண்டே இருக்கிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு சிதைந்துவிடும். ஆகவே பலகையை வீட்டுக்குள் கொண்டுவந்து, இன்வர்ட்டர் இருந்தால் அந்த லைனில் இணையுங்கள். ராஸ்பி-கான்ஃபிக் அமைப்பில் உள்ள ஓவர்லே வசதியை இயக்கினால் எழுதுவதெல்லாம் ரேம் (RAM) எனும் தற்காலிக நினைவகத்துக்குப் போய்விடும், கார்டு தொடப்படாது. ஆனால் பலகையை மறுபடி இயக்கும்போது அவை அழிந்துவிடும் என்பதால் அளவுப் பதிவுகளைத் தனிப் பென் டிரைவில் சேமிக்க வேண்டும். பை 3 பலகைக்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் தேவை. பழைய போன் சார்ஜரிலிருந்து நீளமான ஒயர் இழுத்து மாடிக்குக் கொண்டுபோனால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும்.

அளவு தவறுவதற்குக் காரணம் வேறு. சென்சாரைக் கழற்றி, அதன் இரு கண்களையும் மூடியிருக்கும் கம்பி வலையை உற்றுப் பாருங்கள்: தொட்டியின் நீராவி அங்கே துளித்துளியாகப் படிந்திருக்கும். பின்புறம் சால்டர் வைத்த இடங்களில் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கலாம், ஏனெனில் காசிமேடு, எண்ணூர் பக்கத்து உப்புக் காற்று திறந்த செம்பை விட்டுவைக்காது. எச்.சி.-எஸ்ஆர்04 நீர் புகாத வகை அல்ல. அதற்குப் பதில் ஒற்றைக் கண்ணுள்ள, ஒயரில் தொங்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்குங்கள், சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். அதற்கு மிக அருகில் இருப்பது தெரியாது என்பதால், நிரம்பிய மட்டத்துக்கு மேல் குறைந்தது 25 செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள். ஒயர் நுழையும் துளை பெட்டியின் அடிப்புறம் இருக்கட்டும், சால்டர் முனைகளுக்கு வார்னிஷ் பூசுங்கள். வெயிலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்: ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352 மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்துக்கு இரண்டரை செ.மீ. வித்தியாசம்தான் வரும். ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் தாறுமாறான அளவுகள் தாமே உதிர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். 5 வோல்ட்டில் இயங்கும் சென்சாரின் எக்கோ பின்னிலிருந்து வருவதும் 5 வோல்ட்; பையில் ஒயர்களை இணைக்கும் ஜிபிஐஓ பின்களோ 3.3 வோல்ட்டை மட்டுமே தாங்கும். எக்கோ ஒயரில் 1 கிலோ ஓம், ஜிபிஐஓ பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர்களை வைத்தால் 3.3 வோல்ட்டாக இறங்கிவிடும். நேரடியாக இணைத்திருந்தால் அந்தப் பின் ஏற்கெனவே பழுதாகியிருக்கக்கூடும்.

மாடியில் வைஃபை உள்ள சிறிய ஈஎஸ்பி32 பலகை ஒன்று போதும் என்பதே என் கருத்து. அதில் மெமரி கார்டு கிடையாது, மின்சாரம் வந்த சில நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும், அதற்கும் 3.3 வோல்ட் கட்டுப்பாடு உண்டு என்பதால் ரெசிஸ்டர்களை அங்கேயும் வையுங்கள். அது அளவை எம்க்யூடிடி முறையில் வைஃபை வழியே அனுப்ப, வீட்டுக்குள் இருக்கும் பையில் மஸ்கிட்டோ மென்பொருள் வாங்கிக்கொள்ளும். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999இல் உருவான முறை அது. சிக்னல் தேய்ந்து வரும் கான்கிரீட் தளத்துக்கு மேலிருந்தும் அதன் சிறிய தகவல்கள் வந்து சேரும்.

ரூட்டரில் போர்ட் திறக்காதீர்கள். மாற்றப்படாத கடவுச்சொற்களை வைத்தே 2016இல் மிராய் என்ற தீநிரல் ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் தனிப்பட்ட பாதை) ஒன்றைப் பையிலும் கைபேசியிலும் நிறுவினால் எதையும் திறக்காமலே பார்க்கலாம்.

மோட்டாரை இணைக்கலாம், ஆனால் பலகை இயக்கும் சிறிய மின் சுவிட்சான ரிலேயில் நேரடியாக வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், நிறுத்தச் சொன்னாலும் அது நிற்காது. ரிலே, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான ஒரு கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்தக் கான்டாக்டர் காயிலின் லைனில் சம்ப்பிலும் தொட்டியிலும் ஆளுக்கொரு ஃப்ளோட் சுவிட்சை (நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி இயங்கும் மிதவை சுவிட்ச்) தொடராகப் போட்டுவிட்டால், பை நின்றுபோனாலும் வைஃபை அறுந்தாலும், சம்ப் வறண்ட உடனோ தொட்டி நிறைந்த உடனோ மோட்டார் நின்றுவிடும். இந்த ஒயரிங்கையும் எர்த்தையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.