கேக், ரொட்டி செய்வதற்கான பேக்கிங் சாமான்களை மொத்த விலைக் கடையில் பெரிய மூட்டையாக வாங்குவது லாபமா?

சர்க்கரைக்கு யோசிக்கவே வேண்டாம். ஈரம் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. மைதாவும் காற்றுப் புகாத டப்பாவில் பல மாதம் தாங்கும், வண்டுதான் தொல்லை. புது மாவை 4 நாள் ஃப்ரீசரில் வைத்தால் அதிலுள்ள முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள், குளிர் விட்ட பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் மாவில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

முழுக்கோதுமை மாவு வேறு கதை. முளையில் உள்ள எண்ணெயும் சேர்ந்தே அரைபடுவதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். பாதாம், வால்நட்டும் அப்படித்தான்.

ஆளை ஏமாற்றுவது பெரிய டப்பா பேக்கிங் பவுடர். மலிவுதான், ஆனால் திறந்தபின் ஈரக்காற்று பட்டுப் பட்டு வீரியம் போய்விடும். அரை கப் வெந்நீரில் ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் சரி. பேருக்கு நாலு குமிழி வந்தால் கேக் எழும்பாது. ஈஸ்ட்டைத் தாராளமாகப் பெரிய பாக்கெட்டாக வாங்கலாம், திறந்ததை இறுக மூடி ஃப்ரீசரில் போட்டால் மாதக்கணக்கில் வேலை செய்யும்.

ஒன்று, பெரிய பை என்றாலே மலிவு என்று நம்பாதீர்கள். கிலோவுக்கு என்ன விலை வருகிறது என்று கடையிலேயே வகுத்துப் பார்த்துவிடுங்கள்.