கிராங்க் ஷாஃப்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எஞ்சினை இறக்காமல் கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) மட்டும் எடுக்க முடியுமா? (சாட்ஸ்வொர்த்)

பெரும்பாலான கார்களில் முடியாது. இறக்குங்கள்.

கிராங்கின் ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் வழுவழுப்பான பகுதி) கீறல் விழுந்திருக்கிறது. எமரித் தாளால் தேய்த்துவிட்டுப் புது பேரிங் போடலாமா? (ஃபீனிக்ஸ்)

நகத்தில் தட்டுகிற கீறல் என்றால் மெஷினில் கிரைண்டிங்தான். கையால் தேய்த்தால் ஜர்னலின் வட்டம் கெடும். விட்டத்தில் 0.25 மி.மீ. குறைத்து, அதற்கேற்ற பேரிங் வாங்குங்கள். வேலை முடிந்து வந்ததும் மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். எண்ணெய்த் துளைகளில் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். கிரைண்டிங் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அளக்காமல் பூட்டாதீர்கள்.

சிட்டி கோல்ஃப் 1600 கார். மெயின் கேப் (கிராங்கை எஞ்சின் பிளாக்கோடு பிடிக்கும் அரைவட்ட மூடி) ஐந்தையும் பாரஃபின் வாளியில் போட்டுக் கழுவினேன். எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எப்படி மாட்டினாலும் பொருந்துகிறதே? (டோங்காட்)

பொருந்தும் ஐயா, அதுதான் ஆபத்து! இதை எத்தனை முறை எழுதுவது? தொழிற்சாலையில் கேப்களைப் பிளாக்கில் இறுக்கிய பிறகே துளையைக் கடைந்து முடிக்கிறார்கள். அந்த வட்டத்தின் கீழ்ப்பாதி அந்தக் கேப்பில் மட்டுமே இருக்கிறது. இடம் மாறினால், தலைமுடி அளவு விலகல் போதும், கிராங்க் இறுகிவிடும்.

டர்பனில் என் பட்டறைக்கு அப்படி ஒரு எஞ்சின் வந்தது. இரண்டாவது கேப்பும் நான்காவதும் மாறியிருந்தன. கையால் சுற்ற வரவில்லை என்று, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகிச் சுற்றியிருக்கிறார்கள். திறந்தேன். பேரிங்கின் சாம்பல் நிறப் பூச்சு ஒரு ஓரத்தில் வழித்தெடுக்கப்பட்டு அடியில் செம்பு பளபளத்தது. புத்தம்புது பேரிங்! வயிறு எரிந்தது.

பாரஃபினைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் எஞ்சினில் கேப்களின்மேல் எண் இருக்கும். பெல்ட் ஓடும் கப்பிப் பக்கம் இருப்பது எண் ஒன்று. பேரிங் நாக்கு உட்காரும் பள்ளங்கள் மேலும் கீழும் ஒரே பக்கம் வர வேண்டும். எண் தேய்ந்திருந்தால் ஊகிக்காதீர்கள். பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஐந்து துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கடையச் சொல்லுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். இனிமேல் எந்த எஞ்சினானாலும், கழற்றும் முன் சென்டர் பஞ்சால் முதல் கேப்பில் ஒரு புள்ளி, இரண்டாவதில் இரண்டு என்று தட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பழைய கேப் போல்ட்டுகளையே போடலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எந்தக் கார் என்று எழுதாமல் கேட்டால் எப்படி? டார்க் (குறித்த அளவு இறுக்கம்) வைத்தபின் கோணக் கணக்கில் திருப்பி இறுக்கும் வகை என்றால் புதியது வாங்குங்கள். அவை ஒருமுறை இழுபட்டவை.

கிளட்சை மிதித்தால் முன்பக்கக் கப்பி அசைகிறது. (வெருலம்)

கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. டயல் கேஜ் வைத்து அளந்து பாருங்கள்; முன்பின் அசைவு சுமார் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கலாம். புது வாஷரின் எண்ணெய்க் கோடுகள் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் மறுபடியும் எஞ்சினை இறக்குவீர்கள்.

கிரைண்டிங் முடிந்த கிராங்க் இரண்டு வாரத்தில் துருப்பிடித்துவிட்டது. (ஐசிபிங்கோ)

கடற்காற்றில் வெற்று இரும்பை வைத்தால் வேறென்ன ஆகும்? எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஃப்ளைவீல் பக்கம் கீழாகச் செங்குத்தாக நிறுத்திச் சுவரோடு கட்டிவையுங்கள். இப்போது அந்தத் துருவையும் எமரித் தாளால் தேய்க்கக் கிளம்பாதீர்கள். பட்டறைக்கே எடுத்துப் போங்கள்.