வால்துடுப்பைப் பார்த்து எல்டொராடோ என்று நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1959ஆம் ஆண்டு கேடிலாக் கன்வர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கித் திறக்கும் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அது கேடிலாக்கின் விலையுயர்ந்த எல்டொராடோ வரிசையில் வந்த கன்வர்ட்டிபிளான எல்டொராடோ பியாரிட்ஸ் என்றும், பின்பக்கம் இறக்கை போல எழுந்து நிற்கும் வால்துடுப்பின் உயரமே அதற்குச் சான்று என்றும் தரகர் உறுதியாகச் சொல்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். கார் நல்ல காராகவே இருக்கலாம். ஆனால் தரகர் காட்டும் சான்று சான்றே அல்ல. அந்த ஆண்டு டெட்ராய்ட்டில் தயாரான கேடிலாக் கார்களில், விலை குறைந்த சீரிஸ் 62 முதல் எல்டொராடோ வரை, வால்துடுப்பு ஒன்றுதான்; அதன் பக்கத்தில் தோட்டாவைப் போல நீண்டிருக்கும் இரட்டை விளக்குகளும் அவைதான். 1948இல் போர் விமானத்தின் வாலைப் பார்த்துச் சிறு மேடாகத் தொடங்கிய அந்த வடிவம் இவ்வளவு உயர்ந்ததற்குக் காரணம் போட்டி. 1956இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் அடுத்த ஆண்டு மாடல்களைக் கண்டு அதிர்ந்த, கேடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்பாளர்கள், தாங்கள் 1959க்காக வரைந்து வைத்திருந்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாக வரைந்தார்கள். துடுப்பு அந்த ஆண்டின் அடையாளமே தவிர, மாடலின் அடையாளம் அன்று.

உயரத்தை வைத்து மதிப்பிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு, அந்த ஆண்டின் மிக விலையுயர்ந்த கேடிலாக்கான எல்டொராடோ புரோம் போதும். இத்தாலியில் பினின்ஃபாரினா கட்டிய அந்த நான்கு கதவுக் காரின் துடுப்பு மற்றவற்றைவிடத் தாழ்வானது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தரகர் அடுத்து அதைத்தான் எடுத்து நீட்டுவார். 1955 முதல் 1958 வரை எல்டொராடோவின் பின்புறம் தனியாகவே வடிவமைக்கப்பட்டது. 1955, 1956 மாடல்களில் மற்ற கேடிலாக் கார்களின் துடுப்பு தடித்துத் தாழ்ந்திருக்க, எல்டொராடோவின் துடுப்பு மெலிந்து கூர்மையாக நின்றது. 1957, 1958இல் பின்புறம் உருண்டு கீழே சரிய, அதன்மேல் சுறாத்துடுப்பு போன்ற ஒன்று எழுந்தது. அந்த நான்கு ஆண்டுகளின் காரைப் பார்க்கிறீர்கள் என்றால் துடுப்பை வைத்துத் தாராளமாகத் தீர்மானிக்கலாம். நீங்கள் பார்ப்பது 1959. ஆகவே அந்தப் பாடம் இங்கே செல்லாது.

1959 எல்டொராடோவின் உண்மையான வெளி அடையாளம் குரோம் பட்டை. அது உடலின் அடிப்பகுதியில் ஓடி, பின்புறம் வளைந்தேறி, கதவுகளின் மேல்விளிம்பு வழியாக முன்கண்ணாடித் தூண் வரை திரும்பி வரும். ஆனால் பட்டையைக் கழற்றி வேறு காரில் மாட்ட முடியும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று கார்புரேட்டர் கொண்ட 345 குதிரைத்திறன் எஞ்சினைத் திறந்து காட்டினாலும் மயங்க வேண்டாம். கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு மற்ற மாடல்களிலும் அது கிடைத்தது.

சீரிஸ் 62 காருக்கு எல்டொராடோ வேடம் ஏன் போடப்படுகிறது என்பது எண்களில் இருக்கிறது. அந்த ஆண்டு சீரிஸ் 62 கன்வர்ட்டிபிள் 11,130 வந்தது. பியாரிட்ஸ் 1,320 மட்டுமே. புதிதாக விற்றபோதே ஒன்று 5,455 டாலர், மற்றொன்று 7,401 டாலர். இன்று இடைவெளி அதைவிடப் பெரிது. விலையில் விழுக்காடு வாங்கும் தரகர், தாம் விற்பது சீரிஸ் 62 என்று தாமாக முன்வந்து சொல்வார் என எதிர்பார்ப்பது வீண். பதிவு அலுவலகமாவது காப்பாற்றுமா என்றால், உரிமைப் பத்திரத்தில் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரும் கன்வர்ட்டிபிள் என்ற ஒற்றைச் சொல்லும்தான் இருக்கும். வாகனத்துக்கு வரி வாங்கத் தெரிந்த அரசுக்கு அது என்ன வாகனம் என்று எழுதி வைக்க மனமில்லை. ஏல நிறுவனங்களோ உள்ளது உள்ளபடி என்று ஒரு வரி அச்சிட்டுக் கைகழுவிவிடுகின்றன.

எனவே எண்ணைப் பாருங்கள். வரிசை எண் 59 என்று தொடங்கி, அடுத்து ஓர் எழுத்து வரும். பியாரிட்ஸ் என்றால் அது இ. சீரிஸ் 62 கன்வர்ட்டிபிள் என்றால் எஃப். எஞ்சின் அறையில் உள்ள உடல் தகட்டிலும் பியாரிட்ஸுக்கு 6467, மற்றதற்கு 6267 என்று இருக்க வேண்டும். தகட்டை மாற்றி அடித்துவிட முடியும் என்பதால், சேஸிஸ் சட்டத்தில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

துடுப்பிலும் ஒரு வேலை உண்டு: மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அதன் இரு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் துருவை மறைத்துத் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். அவ்வளவு பெரிய வளைவான தகட்டில் டிங்கர் வேலை மிகுந்த செலவு வைக்கும்.

எழுத்து எஃப் என்றே தெரிய வந்தாலும் காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஆசைப்பட்ட துடுப்பு அதிலும் அதேதான், சீரிஸ் 62இன் விலையைக் கொடுத்து வாங்கலாம். முதலில் மூன்று எண்களின் புகைப்படத்தையும் கேளுங்கள். முன்பணம் வந்த பிறகு அனுப்புகிறேன் என்று தரகர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.