82-ஆ, 88-ஆ? வெயில் ஊருக்கு எந்த தெர்மோஸ்டாட்?

கேள்வி: என்னிடம் 2010 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. போன சித்திரையில் டோல்கேட் வரிசையில் நின்றபோது சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நம்ம ஊருக்கு இது தேவையே இல்லை சார்" என்றார். இப்போது முள் கால்வாசிகூட ஏறுவதில்லை. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 12-தான் கொடுக்கிறது. புதிது வாங்கப் போனால் கடைக்காரர் 82 டிகிரி வால்வை எடுத்து வைத்து, "வெயிலுக்கு இதுதான் குளுமை" என்கிறார். பழைய வால்வில் 88 என்று இருக்கிறது. எதை வாங்க? (வேலூர் வாசகர்)

பதில்: 88-ஐயே வாங்குங்கள். நடுவில் யாராவது மாற்றியிருப்பார்களோ என்று சந்தேகம் இருந்தால், டீலரின் பார்ட்ஸ் கவுன்ட்டரில் சேசிஸ் நம்பரைச் சொல்லி பார்ட் நம்பரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வால்வில் பொறித்திருக்கும் எண், அது திறக்கத் தொடங்கும் சூடு. உள்ளே ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. மெழுகு உருகி உப்பினால் வால்வு திறந்து, கூலண்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடும். உதாரணத்துக்கு, சுசூகியின் பழைய சர்வீஸ் கையேடுகளில் இரண்டு வகையும் இருக்கும்: ஒன்று 82-இல் தொடங்கி 95-இல் முழுசாகத் திறக்கும், மற்றது 88-இல் தொடங்கி 100-இல். திறக்கும் அளவு இரண்டுக்கும் 8 மி.மீ.தான். ஏரியில் தண்ணீர் அரை அடி குறைவாக இருக்கும்போதே மதகைத் திறந்துவிட்டால் வாய்க்கால் அகலமாகிவிடுமா? அதே கதைதான். முள் சிவப்புக்குப் போகும் நேரத்தில் நல்ல வால்வு எதுவாக இருந்தாலும் எப்போதோ திறந்திருக்கும். எஞ்சின் எந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைத்தான் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. மேலே போகாமல் தடுப்பது ரேடியேட்டரும் ஃபேனும்.

100 டிகிரி என்றதும் பதற வேண்டாம். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று போட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும்.

சரி, டோல்கேட்டில் ஏன் சூடானது? 'நின்றபோது' என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வரும், நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. எஞ்சினை நிற்கும் இடத்திலேயே ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஆனால் இப்போதுள்ள நிலையில் சூடே ஏறாது. புது வால்வைப் போட்ட பிறகுதான் இந்தச் சோதனை. ஃபேன் சுற்றாவிட்டால் ரிலே, சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைத்திருக்கும் தூசியைப் பாருங்கள். அப்புறம், கூலண்ட் குறைந்தபோதெல்லாம் போர் தண்ணீர் ஊற்றிய பழக்கம் உண்டா? உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் சுருங்கியிருக்கும். வால்வே சிக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியென்றாலும் புது வால்வு போட்டிருக்க வேண்டுமே தவிர, இடத்தைக் காலியாக விட்டிருக்கக் கூடாது.

உங்கள் 3 கிலோமீட்டர் போன இடமும் அதுதான். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்கேனர் போட்டால் பி0128 என்ற கோடு, அதாவது கூலண்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்ற பிழைக் குறி, வரக்கூடும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால், ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் தங்குகிறது என்று அர்த்தம். சில எஞ்சின்களில் வால்வு இல்லாவிட்டால் பைபாஸ் வழி (ரேடியேட்டரைத் தொடாத குறுக்கு வழி) மூடாமலே கிடந்து, கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

82-ஐப் போட்டால் எஞ்சின் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் குளுமையும் கிடைக்காது.

வாங்கும்போது பெட்டியை நம்பாமல் வால்வில் உள்ள எண்ணைப் படியுங்கள். ரப்பர் வளையத்தையும் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்கட்டும். பொருத்தும்போது தகட்டில் ஆடும் சின்ன ஊசி மேல் பக்கம் இருக்க வேண்டும். காற்று வெளியேற அதுதான் வழி.

கேள்வி: புதிதாக வாங்கிய 88 டிகிரி வால்வைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். கொஞ்சம்தான் திறந்தது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா? (ஊட்டி வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள், கடைக்காரர் மேல் தப்பில்லை. உங்கள் ஊர் 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். 100-இல் முழுசாகத் திறக்க வேண்டிய வால்வு 93-இல் பாதிதான் திறக்கும். காருக்குள் மூடியின் அழுத்தம் இருப்பதால் இந்தச் சிக்கல் வராது.

வால்வின் வாயில் ஒரு நூலைக் கவ்வவிட்டு, பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். 88-ஐ ஒட்டி நூல் நழுவி வால்வு கீழே விழுந்தால் பொருள் நல்லது. கொதித்த பிறகும் விழாமல் தொங்கிக்கொண்டே இருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அப்போதும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.