ப்ரிஸ்கோ, ப்ரெக்கன்ரிட்ஜ்ல பசங்களோட ஸ்லெட்டிங், டியூபிங்: கேளுங்க, சொல்றேன்

டென்வர் பக்கம் வந்து 11 வருஷம் ஆச்சு. ஒவ்வொரு டிசம்பருக்கும் டெக்சாஸ்ல இருந்து யாராவது சொந்தக்காரங்க "பசங்க பனியே பாத்ததில்ல"ன்னு வந்து இறங்குவாங்க, அவங்கள கூட்டிட்டுப் போயி போயி அந்த ஊரெல்லாம் பழகிடுச்சு. நான் சொல்ற ப்ரிஸ்கோவும் ப்ரெக்கன்ரிட்ஜும் கொலராடோ மலை மேல இருக்குற ஊருங்க, டல்லாஸ் பக்கத்துல நம்மாளுங்க நிறைய பேர் இருக்குற ப்ரிஸ்கோ இல்ல.

கேள்வி: அக்கா, டியூபிங்கும் ஸ்லெட்டிங்கும் ஒண்ணுதானே? பொண்ணுக்கு 3 வயசு, பையனுக்கு 8. எதுக்கு கூட்டிட்டுப் போறது?

பதில்: ஒண்ணு இல்லம்மா. டியூபிங்னா காசு கட்டி பார்க்குக்குள்ள போயி, காத்தடிச்ச பெரிய ரப்பர் டியூப்ல உக்காந்து பனில சறுக்குறது. ஒவ்வொரு லேனுக்கும் ரெண்டு பக்கம் பனியாலயே கரை கட்டி வச்சிருப்பாங்க, மேல ஒரு ஆள் நின்னு முன்னாடி போனவங்க நகர்ந்தப்புறம்தான் அடுத்த ஆள விடுவாங்க, கீழ நல்லா நீளமா சமதளம் இருக்கும். திரும்ப ஏற மேஜிக் கார்பெட் இருக்கு, ஏர்போர்ட்ல நடக்குற பட்டை மாதிரி, நின்னா போதும். ஸ்லெட்டிங்னா நம்மளே பலகை வாங்கிட்டுப் போயி ஏதோ ஒரு சரிவுல விடுறது, ப்ரெக்கன்ரிட்ஜ்ல கார்ட்டர் பார்க்குல காசே இல்லாம பண்ணலாம், ஆனா அங்க நிறுத்தி விட ஆள் கிடையாது, பாத்துக்க வேண்டியது நீங்கதான்.

பையனுக்கு ப்ரிஸ்கோ அட்வென்ச்சர் பார்க் டியூபிங் கண்ண மூடிட்டு புக் பண்ணுங்க. பொண்ணு 36 இஞ்ச் உயரம் இருக்கணும், அத வீட்டுலயே அளந்துட்டு டிக்கெட் எடுங்க, அங்க போயி அளந்து வேண்டாம்னு சொன்னா குழந்தை ஏங்கிப் போயிடும். லீவு நாள்ல முன்னாடியே புக் பண்ணலன்னா இடம் கிடைக்காது.

கேள்வி: சின்னவள மடியில வச்சுட்டு சறுக்கலாமா?

பதில்: டியூப்ல வேணாம், பொதுவா ஆளுக்கு ஒரு டியூப்தான், கயித்த பிடிச்சுட்டு ஒண்ணா போகலாம்னா அவங்களே சொல்லுவாங்க. ஆனா சேத்துப் பிடிச்சா வேகம் கூடும், அதையும் மனசுல வச்சுக்கோங்க. சொந்த ஸ்லெட்ல 5 வயசுக்கு கீழ உள்ளத தனியா விடாதீங்க, பெரியவங்க கூட உக்காந்து சரிவோட கீழ்ப்பாதில இருந்து மட்டும் மெதுவா போங்க. எப்பவும் உக்காந்து, கால் முன்னாடி இருக்கணும். தலை முன்னாடி போற மாதிரி குப்புறப் படுத்துட்டுப் போறது மட்டும் வேணவே வேணாம்.

கேள்வி: ஹெல்மெட் தேவையா? அவ்ளோ பெரிய மலையா அது?

பதில்: ஸ்லெட்டிங்னா கண்டிப்பா தேவை. முத வருஷம் ஹைவே ஓரம் எல்லாரும் சறுக்குறாங்கன்னு நாங்களும் வண்டிய நிறுத்தி பையன வட்டமா தட்டு மாதிரி இருக்குற பிளாஸ்டிக் சாசர்ல உக்கார வச்சு விட்டோம். அதுல திருப்பவும் முடியாது, பிரேக்கும் கிடையாது, பாதி வழில சுத்தி முதுகுப்பக்கமா போயி வேலிக்கம்பத்துல இடிச்சான், பின்மண்டைல 4 தையல். இன்னைக்கும் அந்தச் சத்தம் என் காதுல இருக்கு. அதனால சரிவு எவ்ளோ உயரம்னு பாக்காதீங்க, கீழ என்ன இருக்குன்னு பாருங்க. மரம், வேலி, ரோடு, பார்க்கிங், உறைஞ்ச குளம் எதுவும் நேரா இருக்கக்கூடாது. சைக்கிள் ஹெல்மெட்டோ ஸ்கீ ஹெல்மெட்டோ போட்டு விடுங்க. கார்ல கயிறு கட்டி ஸ்லெட்ட இழுக்குறத வீடியோல பாத்திருப்பீங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க.

கேள்வி: அம்மா அப்பா கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்காங்க, ஊட்டி எல்லாம் நல்லா பழக்கம், குளிர் பிரச்சினை இல்ல. அவங்களையும் கூட்டிட்டு வரலாமா?

பதில்: குளிர விடுங்க, உயரம்தான் விஷயம். ஊட்டி 7,350 அடி பக்கம், தொட்டபெட்டா உச்சியே 8,650 தான், ப்ரிஸ்கோ ஊரு இருக்குறதே 9,097 அடில, ப்ரெக்கன்ரிட்ஜ் 9,600. மூச்சுக்கு கிடைக்குற ஆக்ஸிஜன் கடல் மட்டத்துல இருக்குறதுல 70 சதவீதம் போலதான். பிளேன்ல இறங்கி அன்னைக்கே மேல ஏறுனா பசங்களுக்கே தலைவலி, வாந்தி வரலாம். ஒரு ராத்திரி டென்வர்ல தங்குங்க, அது 5,280 அடி. தண்ணி குடிச்சுட்டே இருக்கச் சொல்லுங்க. ஹார்ட், பிபி இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரட்டும். படுத்திருந்தாலும் மூச்சு வாங்குது, நடை தடுமாறுதுன்னா காலைல பாப்போம்னு இருக்காம உடனே கீழ இறங்கி டாக்டர்கிட்ட போகணும். நல்லா இருந்தாங்கன்னா ப்ரெக்கன்ரிட்ஜ்ல இருந்து மலைக்குப் போற கோண்டோலா, அதாவது மூடுன கேபிள் கார், ஃப்ரீ, உக்காந்துட்டே பனிய பாத்துட்டு வரலாம், எங்க மாமியாருக்கு அதுதான் ரொம்ப பிடிச்சுது.

இன்னொண்ணு, அங்க தண்ணி 90 டிகிரி சொச்சத்துலயே கொதிச்சுடும், அதனால சாதா பாத்திரத்துல பருப்பு சீக்கிரம் வேகாது. வீடு எடுத்து தங்குறீங்கன்னா குக்கர் எடுத்துட்டுப் போங்க, விசில் கூட ரெண்டு விடுங்க.

கேள்வி: ஜீன்ஸ், ஸ்வெட்டர், மேல ஜாக்கெட் போதுமா?

பதில்: ஜீன்ஸ் வேணாம். பனில உக்காந்து எழுந்தா ஈரத்த குடிச்சுட்டு காயவே காயாது, அரை மணி நேரத்துல பசங்க நடுங்க ஆரம்பிச்சுடுவாங்க. உள்ள தெர்மல், மேல தண்ணி புகாத ஸ்னோ பேண்ட், அத வாடகைக்கும் எடுக்கலாம். கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும், ரெண்டு போட்டு ஷூ இறுக்குனா ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் இன்னும் சில்லிட்டுப் போகும். கையில நூல் கிளவுஸ் வேணாம், வாட்டர்ப்ரூஃப் மிட்டன் (விரல் தனித்தனியா பிரியாத கையுறை), முடிஞ்சா ஒரு ஜோடி எக்ஸ்ட்ரா. சன்ஸ்கிரீன் போடுங்க, புதுப் பனி வெயில்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், தாடைக்குக் கீழ, மூக்கு ஓட்டை ஓரமெல்லாம் கருகிடும்.

கேள்வி: எத்தன மணிக்குப் போறது நல்லது? ரெண்டல் கார்ல போகலாமா?

பதில்: சின்னப் பசங்கன்னா பகல்ல பனி கொஞ்சம் இளகி இருக்குறப்ப போங்க. சாயங்காலம் வெயில் இறங்குனதும் அது திரும்ப உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடும், டியூப் பறக்கும், பெரிய பசங்களுக்கு அதுதான் குஷி. டென்வர்ல இருந்து 70 மைல்தான், ஆனா சனிக்கிழமை காலைல போறதும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் திரும்புறதும் ஐ-70 ஹைவேல ஊர்ந்துட்டுதான் இருப்பீங்க, வார நாள் கிடைச்சா விடாதீங்க. வழில ஐசன்ஹோவர் டன்னல் 11,000 அடிக்கு மேல. செப்டம்பர் 1ல இருந்து மே 31 வரைக்கும் அந்த ரோட்டுல டிராக்ஷன் சட்டம், அதாவது பனில வழுக்காத டயர் வேணும்ங்குற சட்டம், இருக்கு, டயர் பட்டன் ஆழம் 3/16 இஞ்சாவது இருக்கணும், டயர்ல எம் ப்ளஸ் எஸ் (M+S, சேறு பனிக்கு ஏத்த டயர்ங்குற குறி) போட்டிருக்கான்னு கார் எடுக்குற கவுண்டர்லயே குனிஞ்சு பாத்துடுங்க. இல்லன்னா வேற கார் கேளுங்க, கூச்சப்படாதீங்க.