டிரம்பெட்டில் மேல் ஜி வரும்போது உதடு தளர்வது
பேண்ட் பயிற்சியில் 20 நிமிடத்திலேயே உதடு தளர்ந்து, மேல் ஜி சுரம் வெறும் காற்றாகிவிடுகிறது என்றீர்கள் தம்பி. வாசித்து முடித்ததும் கண்ணாடியைப் பாருங்கள். மேலுதட்டில் சிவந்த வளையம் ஆழமாகப் பதிந்திருந்தால் மவுத்பீஸை, அதாவது வாய் வைத்து ஊதும் முனையை, உதட்டில் அழுத்துகிறீர்கள். ரத்தம் ஓடாத உதடு சரியாக அதிராது. வலது சுண்டுவிரலை டிரம்பெட்டின் மேலுள்ள விரல் கொக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள், அதைப் பிடித்து இழுப்பதாலும் அழுத்தம் வரும். வால்வைத் தொடாமல் நடு ஜி, சி, இ, மேல் ஜி என்று சன்னமான ஒலியில் ஏறி இறங்குங்கள். ஏறும்போது நாக்கு 'ஆ'விலிருந்து 'ஈ'க்கு உயரட்டும். வாசித்த நேரமளவு ஓய்வு கொடுங்கள்; ஒரே மூச்சில் 45 நிமிடத்தைவிட 15 நிமிடமாக மூன்று தடவை நல்லது. வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், ஒலியைக் குறைக்க டிரம்பெட்டின் வாயில் செருகும் பிராக்டிஸ் மியூட் போடுவீர்கள்தானே, அது காற்றை எதிர்க்கும். மேல் சுரங்களை மட்டும் பள்ளி பேண்ட் அறையில் மியூட் இல்லாமல் பழகுங்கள். எஸ்ஒய்எஃப் (சிங்கப்பூர் இளையர் விழா) நெருங்குகிறதே என்று வலியோடு வாசிக்காதீர்கள். வலித்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.