‘புட் ஆஃப்’: தள்ளிப்போடுவதும் விளக்கை நிறுத்துவதும்

வேலூரில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ‘புட் ஆஃப்’ பற்றியவை. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

காட்பாடி மாணவர்: ஐயா, ‘புட்’ என்றால் வை. ‘ஆஃப்’ என்றால் அணைந்தது. இரண்டும் சேர்ந்து எப்படித் ‘தள்ளிப்போடு’ ஆயிற்று?

நல்ல கேள்வி, தம்பி. ‘ஆஃப்’ என்பதன் பழைய பொருள் ‘அப்பால், விலகி’. ஸ்விட்சுக்கு அது வந்தது பின்னால்தான். ஆக, ‘அப்பால் வை’. நம் ‘தள்ளிப்போடு’ என்பதிலும் யாரும் எதையும் கையால் தள்ளுவதில்லை, நாள்தான் நகர்கிறது. ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லுக்கும் லத்தீனில் ‘பின்னால் வை’ என்றே பொருள். ஆடியில் வேண்டாம் என்று கல்யாணத்தை ஆவணிக்கு மாற்றினால், ‘தே புட் ஆஃப் தி வெடிங் டில் ஆவணி’. ‘தே புட் தி வெடிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் கல்யாணத்தை ‘இட்’ என்று சுருக்கினால் அது நடுவில்தான் வரவேண்டும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ பிழை. அடுத்து வினை வந்தால் ‘இங்’ சேரும்: ‘ஹி புட் ஆஃப் கோயிங் டு தி டாக்டர்’. ‘டு கோ’ என்று எழுதாதீர்கள்.

ராணிப்பேட்டை ஏற்றுமதி அலுவலக எழுத்தர்: சரக்கு தாமதமானால், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘ஷிப்மென்ட் ஹேஸ் பீன் புட் ஆஃப்’ என எழுதலாமா?

இலக்கணப்படி சரி. ஆனால் அலுவலகக் கடிதத்துக்கு ‘போஸ்ட்போன்ட்’ பொருந்தும். ‘புட் ஆஃப்’ பேச்சு வழக்குக்கு நெருக்கமானது. மனமில்லாமல் இழுத்தடிக்கிறார்கள் என்ற சாயலும் சில இடங்களில் ஏறிவிடும். புதிய தேதியையும் அதே வரியில் எழுதுங்கள்.

ஆம்பூர் வாசகி: ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்று படித்தேன். வாடை என்னை எங்கே தள்ளிப்போட்டது?

இது வேறு பொருள், அம்மா. வெறுப்பு வரவைத்தது, விருப்பத்தைக் கெடுத்தது என்று அர்த்தம். தோல் பதனிடும் இடத்து வாடையில் சோறு இறங்கவில்லை என்றால் ‘இட் புட் மீ ஆஃப் மை ஃபுட்’. பந்து வீசும்போது பக்கத்தில் கத்திக் கவனத்தைக் கலைப்பதற்கும் இதே சொல்தான்.

குடியாத்தம் வாசகர்: ‘புட் ஆஃப் இட்’ சரியா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆரணி வாசகர்: ‘புட் ஆஃப் தெம்’?

‘தெம்’ என்பதற்கும் அதே விதி. நடுவில்.

ஆற்காடு ஆசிரியை: ‘புட் ஆஃப் தி லைட்’ தவறு என்று மாணவர்களைத் திருத்துகிறேன். சரிதானே?

தவறு என்று சொல்லாதீர்கள், அம்மா. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் அந்த வழக்கு உண்டு. இந்தியாவில் மிகப் பரவலானது. ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ எங்கும் செல்லுபடியாகும் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

அதே ஆசிரியை: வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டுச் சிரிக்கிறானே?

சிரிப்பு இலக்கண விதியாகாது. நம் வீட்டையே பாருங்கள். டியூப்லைட்டை ‘நிறுத்து’ என்கிறோம். சாமி விளக்கை ‘அணை’ என்று சொல்ல வாய் வராது; ‘குளிர வை’, ‘மலையேற்று’ என்கிறோம். எந்த விளக்கு, யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுவது பிழையா? ஒரு குழந்தை வீட்டில் கேட்டு வளர்ந்த ஆங்கிலத்தைச் சிவப்பு மையால் அடித்தால் அது பேசவே அஞ்சும். அப்படி வாய் மூடிப்போன பிள்ளைகளை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

காட்பாடி மாணவர், மீண்டும்: அப்படியானால் ‘புட் ஆஃப் தி ஃபயர்’ கூடச் சரியா?

இல்லை. தீக்கும் மெழுகுவர்த்திக்கும் ‘புட் அவுட்’. அங்கே ஸ்விட்ச் கிடையாது. ஆசிரியை திருத்த விரும்பினால் இதைத் திருத்தட்டும்.